சபதத்தில் பிறந்து சவடாலில் வளர்ந்த சொற்கள்

நாய்க்குட்டியின் வாலைத் தெரியாமல் மிதித்துவிட்டால் வீலென்று ஒரு குரல் எழுப்புமே, அதற்கு ஆங்கிலத்தில் 'யெல்ப்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'யியெல்பன்' என்றால் மார்தட்டிச் சொல்வது. அரசவையில், மதுக்கிண்ணம் கைமாறும் நேரத்தில், ஊரே கேட்க ஒரு வீரன் செய்கிற காரியம் அது. அந்தக் கர்ஜனைதான் தேய்ந்து தேய்ந்து குட்டிநாயின் கீச்சுக்குரலாகிவிட்டது.

ஆங்கிலத்தில் தற்பெருமைக்கு இருக்கும் சொற்கள் கொஞ்சநஞ்சமல்ல. போஸ்ட், பிராக், வான்ட், க்ரோ, ஸ்வாகர், பிரகடோஷியோ, ராடமான்டேட், கேஸ்கனேட் என்று நீண்டுகொண்டே போகும். அகராதி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் தரும். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சொன்னவன் செய்தானா, இல்லையா என்கிற கணக்கு.

அந்தக் கணக்கைத் தொடங்கிவைத்த சொல் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. 'பேயொட்' என்பது அதன் பெயர். வாக்குறுதி என்ற பொருள்கொண்ட மூலத்திலிருந்து வந்தது. கட்டளையைக் குறிக்கும் 'பிஹெஸ்ட்' இதற்கு உறவுமுறை. தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வஞ்சினம்! 'இன்னது செய்யாமல் திரும்பினால் நான் இன்னான் ஆகுக' என்று புறநானூற்று அரசர்கள் சொன்னார்களே, அதே சாதி. பெருமையும் சபதமும் அதில் ஒன்றாகவே இருந்தன. தன் ஆற்றலைப் பறைசாற்றுகிறவன் அந்த நொடியே கடனாளியும் ஆகிறான்.

'பேயோவுல்ஃப்' காவியத்தில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். டென்மார்க் அரசன் ஹ்ரோத்காரின் மண்டபத்தை கிரெண்டல் என்ற அரக்கன் இரவுதோறும் சூறையாடுகிறான். கடல் கடந்து 14 துணைவரோடு வந்து இறங்குகிறான் பேயோவுல்ஃப். அரசனின் காலடியில் உட்கார்ந்திருக்கும் உன்ஃபெர்த்துக்குப் பொறுக்கவில்லை. 'பிரெக்காவோடு கடலில் நீந்திப் பந்தயம் போட்டுத் தோற்றவன் நீதானே?' என்று சபை நடுவே குத்திக் காட்டுகிறான். பேயோவுல்ஃப் அசரவில்லை. கையில் வாளோடு ஐந்து இரவு நீந்தியதையும், ஒன்பது கடல்விலங்குகளைக் கொன்றதையும் வரிசையாகச் சொல்கிறான். பிறகு அரசி வெயல்தேயோ கிண்ணத்தோடு அவனிடம் வருகிறாள். அவள் முன்னால்தான் சபதம்: அரக்கனை முடிப்பேன், இல்லையேல் இந்த மண்டபத்திலேயே முடிவேன். அந்தப் பெருமைப் பேச்சு அரசிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்று கவிஞர் தனியாக எடுத்துச் சொல்கிறார். தற்பெருமை பேசியவனைப் பார்த்து ஒரு பெண் முகம் சுளிக்காமல் மகிழ்ந்து நிற்கிற காட்சி ஆங்கில இலக்கியத்தில் பிறகு எவ்வளவு அரிதாகிவிட்டது!

மறுநாள் காலை கிரெண்டலின் பிய்த்தெடுத்த கை மண்டபக் கூரையடியில் தொங்குகிறது. அண்ணாந்து பார்த்த உன்ஃபெர்த்தின் பெருமைப் பேச்சு அதோடு அடங்கிவிட்டதாம். கவிஞர் அங்கே போடும் சொல்லும் அந்த 'யியெல்ப்' தான்.

வாய்விட்டால் அந்தக் கடனைக் கட்டியாக வேண்டும் என்பதால் வாய்விடுமுன் யோசி என்ற எச்சரிக்கையும் அந்தக் காலத்திலேயே இருந்தது. 'தி வாண்டரர்' என்ற பழங்கவிதை, தன் மனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று திண்ணமாகத் தெரியும்வரை சபதம் செய்யாதே என்கிறது. அதன் மறுபக்கத்தை 991 ஆகஸ்டில் எசெக்ஸ் கடலோரத்து மால்டனில் நடந்த போரில் காணலாம். வைக்கிங்குகளிடம் தலைவன் பிர்த்னோத் வீழ்கிறான். அவனுடைய குதிரையிலேயே ஏறி ஒருவன் ஓடுகிறான். அதைப் பார்த்துப் பலர் ஓடுகிறார்கள். மிஞ்சியவர்களிடம் ஏல்ஃப்வினெ என்ற இளைஞன் சொல்வது ஒன்றுதான்: மண்டபத்து விசிப்பலகையில் உட்கார்ந்து மது அருந்தியபோது என்னவெல்லாம் பேசினோம், நினைத்துப் பாருங்கள். அவர்கள் நின்றார்கள், மடிந்தார்கள். போதையில் சொன்னதுதானே என்று அவர்களில் ஒருவரும் தள்ளிவிடவில்லை.

இந்த இரண்டு கதைகளும் மயிரிழையில் தப்பியவை. 1731 அக்டோபரில் லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் இல்லத்தில் தீப்பிடித்தபோது இரண்டின் கையெழுத்துப் பிரதிகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பேயோவுல்ஃபின் ஓரங்கள் கருகின. மால்டன் முழுதாகச் சாம்பலானது. யாரோ முன்னமே எடுத்து வைத்திருந்த ஒரு படியால்தான் மால்டன் கவிதையின் 325 வரிகள் இன்று நம் கையில் இருக்கின்றன.

1066இல் நார்மானியர் வந்தபின் அந்த மண்டபங்களும் அந்தச் சடங்கும் போயின. மதம் வேறு இதில் தலையிட்டது. தற்பெருமையைத் தலைக்கனம் என்ற மரத்தின் கிளையாகப் பிரசங்கங்கள் வகைப்படுத்தின. சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் பாதிரியார் இதற்குத் தரும் விளக்கம் கூர்மையானது: தான் செய்த கெடுதலையோ நல்லதையோ சொல்லிப் பெருமையடிப்பவனே தற்பெருமைக்காரன். கவனியுங்கள், அவன் உண்மையிலேயே செய்துவிட்டுத்தான் சொல்கிறான். அப்படியும் அது பாவமாகிவிட்டது.

இந்தக் காலத்தில்தான் இன்றைய சொற்கள் தலைகாட்டுகின்றன. 'போஸ்ட்' வந்தது. (தமிழில் எழுதினால் தபால்காரரின் போஸ்ட் போலத் தெரியும், 'பந்தா'வின் பகரத்தைப் போட்டுச் சொன்னால் சரியாக வரும்.) 'வான்ட்' பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் அடியில் இருப்பது வெறுமையைக் குறிக்கும் லத்தீன் சொல். 'பிராக்' என்பதற்கு அன்று எக்காளம் உரக்க முழங்குவது என்ற பொருளும் உண்டு. தன் எக்காளத்தைத் தானே ஊதுகிறான் என்று ஆங்கிலேயர் சொல்வதும், ஊதுவதை அமெரிக்கர் கொம்பாக மாற்றிக்கொண்டதும், நாம் தம்பட்டம் அடிக்கிறான் என்பதும் பக்கத்து வீட்டுச் சங்கதிகள். சத்தமாக ஒலிக்கிற கருவியின் உள்ளே காற்றும் வெற்றிடமும்தானே இருக்கின்றன.

இதற்கடுத்த கட்டம் மேடையில் நடந்தது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் ரோம் நகரத்து நாடகாசிரியர் ப்ளாட்டஸ் ஒரு சவடால் சிப்பாயைப் படைத்தார். பெயரே வாயில் நுழையாது: பிர்கோபொலினிக்கெஸ். அவனிடம் ஓசிச் சாப்பாடு சாப்பிடும் துதிபாடி ஒருவன் முதல் காட்சியிலேயே அளக்கிறான். இந்தியாவில் ஒரு யானையின் கையை ஒரே குத்தில் உடைத்தீர்களே என்கிறான். கையா என்று கேட்டதும் இல்லை இல்லை, தொடை என்று மாற்றிக்கொள்கிறான். பிறகு கொன்ற ஆட்களின் கணக்கு வருகிறது. ஓர் ஊரில் 150, இன்னொன்றில் 100, அடுத்து 30, அப்புறம் 60. கூட்டினால் 340. துதிபாடியின் கூட்டலில் வருவது ஏழாயிரம்! இந்தச் சிப்பாயின் தம்பி முறைக்காரன், கி.மு. 161இல் டெரன்ஸ் எழுதிய நாடகத்தில் வரும் த்ராசோ. அவன் பெயரிலிருந்து ஆங்கிலத்துக்கு 'த்ரசோனிக்கல்' என்ற அடைமொழி கிடைத்தது. ஜூலியஸ் சீசரின் புகழ்பெற்ற வந்தேன்-கண்டேன்-வென்றேனை அந்தச் சொல்லால்தான் ஷேக்ஸ்பியரின் ரோசலிண்ட் வர்ணிக்கிறாள்.

தப்புக் கணக்குப் பரம்பரையின் ஆங்கில வாரிசு கேப்டன் பாபடில். பென் ஜான்சனின் 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' 1598இல் மேடையேறியபோது நடித்தவர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். பிறகு கதைக்களம் லண்டனுக்கு மாற்றப்பட்டு 1616இல் அச்சானது. பாபடில் செயின்ட் பால் தேவாலயத்து நடைகூடத்தில் பொழுதைக் கழிக்கும் பேர்வழி. பழைய போர்களைச் சொல்லியே பிழைக்கிறவன். நாட்டுப் பாதுகாப்புக்கு அவனிடம் ஒரு திட்டம் இருக்கிறது. தன்னையும் சேர்த்து இருபது பேர் போதும். எதிரிப்படை நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். இருபது இருபது பேராகச் சண்டைக்கு அழைத்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது பேரை முடித்தால் இருபது இருபது என்று அவன் பெருக்குகிறான், வருவது இருநூறாம். ஆகவே இருநூறு நாளில் மொத்தப் படையும் காலி. இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு என்று கூடத் தெரியாத தளபதி! அந்த மூச்சு அடங்குவதற்குள் டௌன்ரைட் என்ற நாட்டுப்புறத்து மனிதர் வந்து சாத்து சாத்தென்று சாத்துகிறார். பாபடிலின் வாள் உறையை விட்டு வரவே இல்லை. ஏதோ கிரகம் என்னை அடித்துவிட்டது, கை ஓடவில்லை என்று அவன் சொல்லும் சமாதானம் நம் ஊர் காதுக்கு ரொம்பப் பழக்கமானது.

அதே பத்தாண்டில் எட்மண்ட் ஸ்பென்சர் ஒரு பெயரையே உருவாக்கினார். பிராக் என்ற சொல்லோடு இத்தாலிய வால் ஒன்றை ஒட்டி 'பிரகடோக்கியோ'. 1590இல் வெளியான 'தி ஃபேரி குவீன்' காவியத்தில், கையன் என்ற வீரன் சாகும் தறுவாயில் இருந்த ஒரு பெண்ணைக் கவனித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவன் குதிரையைத் திருடி ஏறிக்கொள்கிறவன் இவன். குதிரை வந்ததும் வீரனாகிவிட்டதாக நினைப்பு. 1596இல் வந்த அடுத்த பகுதியில் ஒரு கல்யாணப் பந்தலில் அகப்படுகிறான். இன்னொருவர் வென்ற போட்டியைத் தான் வென்றதாகச் சொல்லி நிற்கும்போது கையன் வந்து என் குதிரை இது என்கிறான். சாட்சி என்ன? குதிரையின் வாய்க்குள் லாட வடிவில் ஒரு கறுப்பு மச்சம். பார்க்கப்போன ஒருவனைக் குதிரை உதைக்கிறது, இன்னொருவனைத் தோளில் கடிக்கிறது. கையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கட்டையறுத்துக்கொண்டு அவனிடம் துள்ளிப் போகிறது. பிரகடோக்கியோவின் தாடியை மழித்து, கேடயத்தைத் தலைகீழாகத் திருப்பி, வாளை முறித்து விரட்டுகிறார்கள். ஆள் ஓடிப்போனான், பெயர் நிலைத்துவிட்டது. இன்று ராப் பாடகர்கள் தங்களைத் தாங்களே உயர்த்திப் பாடும் பாணிக்கு 'பிரகடோஷியோ' என்றே பெயர்.

அக்கம்பக்கத்து நாட்டுக்காரர் தலையில் இந்தக் குணத்தைக் கட்டியதும் உண்டு. இத்தாலியக் காவியங்களில் வரும் ரோடோமோன்தே என்ற மன்னன் பெயரிலிருந்து 'ராடமான்டேட்'. பிரான்சின் தென்மேற்கிலுள்ள கேஸ்கனி மக்கள்மேல் பிரெஞ்சுக்காரரே போட்ட பழியிலிருந்து 'கேஸ்கனேட்'. நாவலாசிரியர் டூமாவின் நாயகன் டார்டான்யன் அந்தச் சீமைக்காரன்தான். டிராய் நகரத்து ஹெக்டருக்கு நடந்தது பெரிய அநியாயம். வீட்டையும் ஊரையும் காத்துச் செத்த உத்தமன் அவன். 17ஆம் நூற்றாண்டு லண்டன் தெருக்களில் ரகளை செய்து திரிந்த கும்பல்கள் அவன் பெயரைச் சூட்டிக்கொண்டதால், ஆங்கிலத்தில் 'ஹெக்டர்' என்ற வினைச்சொல் உருட்டி மிரட்டுவதைக் குறிக்கிறது.

மேடையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வருகிற சொல் தமிழருக்குப் புதிதல்ல. 'சீன் போடாதே', 'ரொம்ப பில்டப் கொடுக்காதே', 'ஷோ காட்டுறான்', 'பிலிம் காட்டாதே' என்று நாள்தோறும் சொல்கிறோம். அத்தனையும் ஆங்கிலச் சொற்கள். ஆனால் ஷோ ஒன்றைத் தவிர மற்றவை ஆங்கிலேயரின் வாயில் பீற்றலைக் குறிப்பதில்லை. நாடகக் கொட்டகையும் சினிமாக் கொட்டகையும் நமக்குத் தந்து, நாமே பொருள் கொடுத்துக்கொண்டவை.

பெருமைப் பேச்சு நீதிமன்றம் ஏறிய கதையும் உண்டு. ஒருவர் இன்னாரைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று பொய்யாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால், அந்த வாயை அடைக்க இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றத்தில் தனி வழக்கே போட முடிந்தது. 'ஜாக்டிடேஷன் ஆஃப் மேரேஜ்' என்று பெயர். வீசியெறிவது, ஜம்பமாகப் பேசுவது என்ற லத்தீன் சொல்லடி. எலிசபெத் சட்லி என்ற அரண்மனைப் பெண் 1744இல் ஒரு இரவில், ஹாம்ப்ஷயரின் சிறு தேவாலயத்தில், அகஸ்டஸ் ஹார்வி என்ற கடற்படை அதிகாரியை ரகசியமாக மணந்தாள். ஆண்டுகள் கழிந்தன, கசந்தது. கிங்ஸ்டன் பிரபு ஒருவர் குறுக்கே வந்தார். உடனே ஹார்விமேல் இந்த வழக்கைப் போட்டாள். கணவன் என்று சொல்லிக்கொள்வது வெறும் பீற்றல் என்று நீதிமன்றம் 1769இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் பிரபுவை மணந்தாள். பிரபு இறந்தபின் உண்மை வெடித்தது. 1776இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபையே கூடி விசாரித்து, இருமணக் குற்றவாளி என்றது. பிரபுகுலத்துப் பெண் என்பதால் கையில் சூடு போடும் தண்டனையிலிருந்து தப்பினாள். இந்த வகை வழக்கு சட்டப் புத்தகத்தை விட்டு நீங்கியது 1986இல்தான். அந்த ஹார்வி சொல்லியது முழு உண்மை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

சீட்டுக்கட்டிலும் பிராக் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாமலே ராஜா கையிலிருப்பது போல் பந்தயத்தை ஏற்றி எதிராளியை மடக்கும் ஆட்டத்துக்கு ஆங்கிலேயர் அந்தப் பெயரையே வைத்தார்கள். விளையாட்டு விதிகளுக்குப் பெயர்போன எட்மண்ட் ஹாய்ல் 1751இல் இதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். அதன் மூன்று சீட்டு வடிவம்தான் தீபாவளி இரவுகளில் வட இந்தியா முழுக்க ஆடப்படும் தீன் பத்திக்கு மூலம்.

இன்றைய புழக்கத்தில் இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள வேலி மெல்லியது, ஆனால் தாண்டக் கூடாதது. போஸ்ட் மட்டும் கொஞ்சம் கௌரவம் மிச்சம் வைத்திருக்கிறது. ஒரு ஊர் இரண்டு அருங்காட்சியகங்களை 'போஸ்ட்' செய்கிறது என்று எழுதலாம். பெருமைப்பட்டுக்கொள்ள அவை இருக்கின்றன என்று பொருள். சுற்றுலாக் கையேடுகளுக்கு இது மிகப் பிரியமான வாக்கியம், மொழிக் கண்டிப்பாளர்களுக்கு எரிச்சலூட்டுவது. ஊரைப் 'பிராக்' பண்ண வைக்க முடியாது. பிராக் என்றாலே மூக்கைச் சுளிக்க வேண்டிய பச்சைப் பீற்றல். 'க்ரோ' என்றால் சண்டையில் ஜெயித்த சேவல் கூரையேறிக் கூவுவது. தோற்றவன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 'ஸ்வாகர்' வாயில் இல்லை, நடையில் இருக்கிறது. பத்திரிகையில் ஒன்றை 'மச் வான்டட்' என்று எழுதியிருந்தால், அது சொன்னபடி நடக்கவில்லை என்ற செய்தி அடுத்த வரியில் காத்திருக்கும். ஆங்கிலம் கற்கிறவர்கள் இடறுகிற இடம் இதுதான்: நேர்முகத் தேர்வில் தன் சாதனையைச் சொல்வதற்கு இவற்றில் ஒரு சொல்லும் உதவாது.

அடக்கமாகச் சொல்வது போல் பீற்றிக்கொள்வதற்கு வெகுகாலம் பெயர் இல்லாமலே இருந்தது. 'மேடையில் விருது வாங்கப் போகும்போது தடுக்கி விழுந்துவிட்டேன், எவ்வளவு அசிங்கம்!' என்கிற ரகம். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஹாரிஸ் விட்டெல்ஸ் 2010இல் ட்விட்டரில் இப்படிப்பட்டவற்றைத் திரட்டத் தொடங்கி 'ஹம்பிள்பிராக்' என்று பரப்பினார். 2012இல் நூலாக்கினார். இரண்டே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியில் சொல் ஏறிவிட்டது. பெயர் கிடைக்காமல் எத்தனை காலம் தவித்திருக்க வேண்டும் அந்தக் குணம்!

அமெரிக்காவின் ஆற்றுப் படகுக்காரர்கள் இதற்கு நேர்மாறு. பாதி குதிரை, பாதி முதலை நான் என்று குதிப்பவர்கள். மார்க் ட்வெய்ன் 1883இல் எழுதிய மிசிசிப்பி நூலில் அப்படி இருவர் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றிவந்து முழங்குவார்கள், கைகலக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு குட்டை ஆள் எழுந்து இருவரையும் சேர்த்து உதைப்பான்.

முழங்கியதோடு நிற்காமல் செய்தும் காட்டியவர் லூயிவில் நகரத்துக் குத்துச்சண்டை வீரர் கேசியஸ் கிளே. கூச்சலும் பகட்டுமாக அரங்கை நிறைத்த கார்ஜஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்த வீரரை 1961இல் லாஸ் வேகாஸில் கண்டபின் அவர் வாய் நின்றதே இல்லை. எத்தனையாவது சுற்றில் வீழ்த்துவேன் என்று முன்கூட்டியே நாள் குறிப்பார், அதுவும் எதுகையோடு. 1962 நவம்பரில் ஆர்ச்சி மூருக்கு நான்காவது சுற்று என்றார், நான்கில் முடிந்தது. 1963 மார்ச்சில் டக் ஜோன்ஸுக்கும் நான்கு என்றார். பத்துச் சுற்றும் ஓடிப் புள்ளிக்கணக்கில்தான் ஜெயித்தார், அரங்கம் கேலி செய்தது. அதே ஜூனில் லண்டன் வெம்பிளியில் ஹென்றி கூப்பருக்கு ஐந்து என்றார். நான்காவதில் கூப்பர் கிளேயையே கீழே வீழ்த்திவிட்டார். எழுந்து, தட்டுத்தடுமாறி மூலைக்குப் போய், ஐந்தாவதில் வந்து முடித்தார்.

பிறகு 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். எதிரே உலக சாம்பியன் சன்னி லிஸ்டன். பந்தயம் ஒன்றுக்கு ஏழு என்று கிளேக்கு எதிராக இருந்தது. பெரும்பாலான விளையாட்டு நிருபர்கள் பையன் தொலைந்தான் என்றே எழுதியிருந்தார்கள். எட்டாவது சுற்று என்று கிளே சொல்லியிருந்தார். ஆறு சுற்று முடிந்து ஏழாவதற்கு மணி அடித்தபோது லிஸ்டன் தன் மூலையில் இருக்கையை விட்டு எழவே இல்லை. சில நாட்களில் முகமது அலி ஆகப்போகிற 22 வயது இளைஞர் கயிற்றருகே ஓடிப்போனார். கீழே வரிசையாக உட்கார்ந்திருந்த நிருபர்களைப் பார்த்து, நீங்கள் எழுதியதை நீங்களே மென்று விழுங்குங்கள் என்று திரும்பத் திரும்பக் கத்தினார்.